மேட்ரன் அம்மா

‘மேட்ரன் அம்மா’ என்ற அழைப்பில் ஒரே பொருள் இரண்டு முறை வருகிறது. லத்தீனில் ‘மாத்தர்’ என்றால் தாய். அதிலிருந்து ‘மாத்ரோனா’ பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘மேட்ரன்’ ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரை ‘மேட்ரன் அம்மா’ என்று சொல்லும்போது ‘அம்மா அம்மா’ என்றே சொல்கிறார்கள். ‘கேட்டு வாசல்’ என்பது போன்ற இரட்டைச் சொல் இது. சொல்லின் மூலம் தெரியாமலே மக்கள் அதன் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

ரோமாபுரியில் பிள்ளை பெற்றவள் எல்லாம் மாத்ரோனா ஆகிவிடவில்லை. முறைப்படி மணமாகி, குடும்பத்தில் மதிப்போடும் பொறுப்போடும் இருந்தவளுக்குத்தான் அந்தப் பெயர். மார்ச் 1 அன்று அவர்களுக்கென ‘மாத்ரோனாலியா’ என்று ஒரு விழாவே இருந்தது. தாய்மையும் பதவியும் சேர்ந்த சொல்லாகத்தான் அது தொடங்கியது. செவிலியர்களுக்குத் தலைமை ஏற்பவரை அழைக்க அதற்குப் பிறகு பல பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயரும் அவர் கையில் எவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்தது என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, லண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனை நகர நிர்வாகத்தின் கைக்கு வந்தது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மேட்ரனும் அவருக்குக் கீழே ‘சிஸ்டர்’களும் அமர்த்தப்பட்டார்கள். மடம் போய்விட்டது. ‘சிஸ்டர்’ என்ற பெயர் மட்டும் வார்டிலேயே தங்கிவிட்டது. அந்தக் கால மேட்ரனின் வேலை பெரும்பாலும் வீட்டு நிர்வாகம்தான்: படுக்கை விரிப்பு, சலவை, பணிப்பெண்களின் ஒழுக்கம். ஒரு பெரிய வீட்டின் இல்லத்தரசி செய்யும் வேலை என்பதால் இல்லத்தரசியின் பெயரையே கொடுத்தார்கள்.

இந்தப் பெயருக்குப் பல் முளைத்தது 19ஆம் நூற்றாண்டில். அந்தக் கதையில் ஒரு பதவிப் பெயரின் ஒற்றைச் சொல் பெரும் வழக்காக மாறிய இடம் ஒன்று உண்டு. கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த பதவி மேட்ரன் அல்ல. ‘துருக்கியில் உள்ள ஆங்கிலப் பொது மருத்துவமனைகளின் பெண் செவிலியர் அமைப்புக்குச் சூப்பரின்டென்டென்ட்’ என்பது அதன் முழு நீளம். ஸ்குட்டாரி துருக்கியில் இருந்தது. போர் நடந்த கிரிமியாவோ கருங்கடலுக்கு அப்பால் ரஷ்ய மண்ணில். அங்கே பாலக்லாவாவில் இருந்த மருத்துவமனைகளிலும் செவிலியர்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு யார் தலைவி? ‘துருக்கியில்’ என்று ஆணையில் இருக்கிறதே, கிரிமியாவில் உங்களுக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டிஷ் படையின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஜான் ஹால் இதில் நைட்டிங்கேலுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். கன்னியர் குழுவோடு வந்திருந்த மதர் பிரிட்ஜ்மன் நைட்டிங்கேலின் தலைமையை ஏற்க மறுத்தார்.

இந்த இழுபறி மாதக்கணக்கில் நடந்தது. கடைசியில் 1856 மார்ச்சில் ராணுவப் பொது ஆணை ஒன்று வந்தது. ராணுவ மருத்துவமனைகளின் பெண் செவிலியர் அமைப்பு முழுவதற்கும் நைட்டிங்கேலே பொதுக் கண்காணிப்பாளர் என்று அது அறிவித்தது. மதர் பிரிட்ஜ்மன் தம் குழுவோடு நாடு திரும்பினார். போரும் அந்த மாதமே முடிந்துவிட்டது. உலகம் நைட்டிங்கேலை நினைவில் வைத்திருப்பது விளக்கேந்திய பெண்ணாக. அவர் தம் கடிதங்களில் திரும்பத் திரும்பப் போராடியது, யார் யாருக்கு உத்தரவிடலாம் என்பது எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக. விளக்கைப் பற்றி ஆயிரம் மேடைகளில் பேசியாயிற்று. அந்த ஆணையைப் பற்றியும் செவிலியர் கல்லூரிகளில் பாடம் நடத்த வேண்டும்.

அந்தப் பட்டறிவோடுதான் அவர் 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே மேட்ரனாக இருந்த சாரா வார்ட்ரோப்பரே பள்ளிக்கும் தலைவி. செவிலியர்களை அமர்த்துவதும் பயிற்றுவதும் கண்டிப்பதும் மருத்துவர் கையிலோ நிர்வாகக் குழுவின் கையிலோ இருக்கக் கூடாது, பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கையில் இருக்க வேண்டும் என்பது நைட்டிங்கேலின் உறுதியான கொள்கை. அதற்குப் பிறகு மேட்ரன் என்பது சலவைக் கணக்கு பார்க்கும் பெயராக இல்லை. 1881இல் எத்தல் கார்டன் மேன்சன் என்பவர் 24 வயதில் அதே பார்த்தலோமியு மருத்துவமனையின் மேட்ரன் ஆனார். திருமணத்துக்குப் பின் பெட்ஃபோர்டு ஃபென்விக் என்று அறியப்பட்ட இவர்தான், செவிலியர்களுக்கு அரசுப் பதிவேடு வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடியவர். 1899இல் பன்னாட்டுச் செவிலியர் பேரவையை உருவாக்கினார். பிரிட்டனில் 1919இல் பதிவுச் சட்டம் வந்து பதிவேடு திறந்தபோது அதில் முதல் எண் அவருடையது.

இந்தியாவுக்கு இந்தத் தலைமைப் பதவி ராணுவத்தின் வழியாகவும் வந்தது. 1888 பிப்ரவரியில் பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் செவிலியர் பத்துப் பேர் பம்பாயில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவரான கேத்தரின் கிரேஸ் லாக்கின் பதவிப் பெயர் ‘லேடி சூப்பரின்டென்டென்ட்’. சென்னைக்கு அதற்கும் முந்திய கதை உண்டு. அரசுப் பொது மருத்துவமனையில் 1871இலேயே செவிலியப் பயிற்சி தொடங்கிவிட்டது. இந்தியாவில் செவிலியர் சங்கம் எப்படிப் பிறந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 1905இல் லக்னோவில் முதலில் கூடியது செவிலியர் சூப்பரின்டென்டென்டுகளின் சங்கம். பயிற்சி பெற்ற எல்லாச் செவிலியருக்குமான சங்கம் 1908இல்தான் வந்தது. இரண்டும் 1922இல் ஒன்றாயின. தலைமைப் பதவியில் இருந்தவர்கள் முதலில் ஒன்றுகூடி, பிறகு கீழே இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் அந்தப் பதவிகளில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள்.

சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டம் 1926இல் வந்தது. விடுதலைக்குப் பின் மத்திய அரசின் செவிலிய ஆலோசகராக 1948இல் டி. கே. அட்ரன்வாலா அமர்ந்தார். ராணுவத்தில் 1976இல் கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்தியப் படையில் அந்த நிலையை எட்டிய முதல் பெண் அவர். பெண் மருத்துவரோ வேறு துறை அதிகாரியோ அல்ல, ஒரு செவிலியர். இதை நம் பள்ளிக்கூடத்துப் பொது அறிவுப் புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

இனி வார்டுக்கு வருவோம். மேட்ரன் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தூக்குவாளி உள்ளே தள்ளப்படுவதும், நோயாளியோடு வந்தவர்கள் வராந்தாவுக்கு விரட்டப்படுவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அவர் பார்ப்பது வேறு. அவசர மருந்துத் தட்டில் அட்ரினலின், அட்ரோபின் ஆம்பூல்கள் எண்ணிக்கைப்படி இருக்கின்றனவா, காலாவதித் தேதி என்ன, ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது, சக்ஷன் இழுக்கிறதா என்று பார்ப்பார். மார்ஃபின் இருக்கும் அலமாரிக்கு இரட்டைப் பூட்டு. சாவி வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் ஆம்பூலை எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ‘ஓவர்’ கொடுத்த பிறகுதான் சாவி கைமாறும். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது.

இதைவிடப் பெரிய வேலை டியூட்டி போடுவது. ஐம்பது படுக்கை வார்டில் இரவு இரண்டு பேர்தான் என்றால், எந்த இரண்டு பேர்? புதிதாக வந்தவரையும் மூத்தவரையும் எப்படிச் சேர்ப்பது? கைக்குழந்தைக்காரருக்கு நைட் டியூட்டி போடாவிட்டால் அந்தச் சுமை யார் தலையில் விழும்? மகப்பேறு விடுப்பில் நான்கு பேர் போய்விட்டால் ஐசியூவை எதை வைத்து நடத்துவது? அந்த அட்டவணையில் ஒரு கட்டம் தவறினால் எங்கோ ஒரு நோயாளியின் மூச்சுத் திணறலைக் கவனிக்க ஆள் இருக்காது. மருத்துவமனை நிர்வாகம் என்று பட்டப்படிப்புகளில் சொல்லித் தருவதை மேட்ரன்கள் கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில் காலம் காலமாகச் செய்து வருகிறார்கள்.

பிரிட்டனிலேயே இந்தப் பெயர் ஒரு முறை அழிக்கப்பட்டது. 1966இல் பிரையன் சால்மன் தலைமையிலான குழு, மூத்த செவிலியர் பதவிகளை எண்ணிட்ட படிநிலைகளாக மாற்றச் சொன்னது. சால்மன், தேநீர்க் கடைகளுக்குப் பேர்போன லயன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவர். மேட்ரன் போய் ‘நர்சிங் ஆபீசர்’, ‘சீஃப் நர்சிங் ஆபீசர்’ என்று வந்தது. நிர்வாகப் பதவிகளுக்கு ஆண் செவிலியரும் வந்துகொண்டிருந்த காலம் அது. ‘தாய்’ என்று பொருள்படும் பெயரை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? 1983இல் ராய் கிரிஃபித்ஸ் என்ற பேரங்காடி நிர்வாகியின் அறிக்கை வந்தது. அதன்படி பொது மேலாளர்கள் அமர்த்தப்பட்டபோது, நிர்வாகக் குழுவில் செவிலியத்துக்கு இருந்த உறுதியான இடம் பல இடங்களில் பறிபோனது. ஆனால் ‘மேட்ரன் இருந்த காலத்தில் வார்டு சுத்தமாக இருந்தது’ என்று மக்கள் சொல்வது நிற்கவில்லை. 2001இல் அரசே ‘மாடர்ன் மேட்ரன்’ என்று அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்று அங்கே ஆண்களும் மேட்ரன் என்ற பெயரிலேயே பணிபுரிகிறார்கள். பெயர் திரும்பியது நல்லதே. பழைய மேட்ரனிடம் இருந்த அதிகாரம் முழுவதும் அதோடு திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு அரசாணைகளில் மேட்ரன் இல்லை, ‘செவிலியர் கண்காணிப்பாளர்’தான். சூப்பரின்டென்டென்ட் என்ற சொல்லுக்கு நேராக வைத்த பெயர். கண்காணி என்ற சொல்லுக்கு நம்மிடம் நீண்ட வரலாறு இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்ப்பவர்களைக் குறிக்க வருகிறது. பிற்காலத்தில் அதே சொல் ‘கங்காணி’ என்று திரிந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்துச் சென்று வேலை வாங்கியவனின் பெயர் ஆனது. ஆங்கில ஆவணங்களிலும் அந்த வடிவத்திலேயே ஏறியது. தலைமுறைகளின் கண்ணீர் ஒட்டிய சொல் அது. கண்காணிப்பாளர் என்ற பதவிப் பெயரைக் கேட்கும்போது மேலே இருப்பவருக்காகக் கீழே இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர் என்ற வாசனை எனக்கு அடிக்கிறது. தலைமைக்கு அந்தப் பெயர் போதாது என்பது என் கருத்து.

வார்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதும் இல்லை. செவிலியர் என்றால் ‘சிஸ்டர்’. பார்த்தலோமியுவில் தங்கிப்போன அந்தப் பெயரும், நம் ஊர்களில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய மருத்துவமனைகளின் வழக்கும் சேர்ந்து நிலைக்கச் செய்த பெயர். ஆண் செவிலியர் வந்ததும் ‘பிரதர்’ ஆக்கிக்கொண்டோம். குடும்ப உறவுப் பெயர் இல்லாமல் நமக்கு வார்டில் வாய் வராது.

இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘தாதி’, ‘தாதியர்’ என்பதே வழக்கு. இலங்கையில் ‘தாதிய உத்தியோகத்தர்’ என்பது பதவிப் பெயர். குழந்தையை வளர்க்கும் பெண்ணைக் குறிக்கும் ‘தாத்ரி’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது ‘தாதி’. தமிழில் அதனோடு வேலைக்காரி என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. பழைய நூல்களில் அரசியின் பின்னே நிற்கும் பணிப்பெண்ணும் தாதிதான். ஒரு சொல்லுக்குள்ளேயே வளர்ப்பவளும் ஏவலாளும் சேர்ந்து இருக்கிறார்கள். செவிலியர் மருத்துவமனைகளில் நடத்தப்படும் விதத்திலும் அந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

தமிழ்நாடு எடுத்துக்கொண்டது செவிலி. ஆங்கில ‘நர்ஸ்’ என்பதற்கு மூலம் ஊட்டி வளர்த்தல் என்ற பொருள் தரும் லத்தீன் வினை. செவிலி என்றால் வளர்ப்புத்தாய். இரண்டும் பொருந்துகின்றன என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் நம் மரபில் தாயர் ஐந்து வகை: பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். சோறூட்ட ஒருத்தி, பாலூட்ட ஒருத்தி, தூக்கி வைத்துக்கொள்ள ஒருத்தி, சீராட்ட ஒருத்தி என்று நான்கு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அப்படியானால் செவிலிக்கு என்ன வேலை?

விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. களவியலில் தொல்காப்பியர் ஒரு வியப்பான வரையறை தருகிறார். அரிய மறைபொருளையும் பேசத்தக்க பெருஞ்சிறப்பு உடையவள் என்பதால், தாய் என்று சொல்லப்படுபவள் செவிலியே என்கிறார். பெற்றவள் நற்றாய், ஆயினும் ‘தாய்’ என்ற பெயருக்கு உரியவள் செவிலி! தலைவியின் உயிர்த்தோழியும் இந்தச் செவிலியின் மகளே. கற்பியலில் அவளுடைய உரிமை இன்னும் விரிகிறது. நடந்தது, நடப்பது, நடக்கப்போவது என்ற மூன்றிலும் நல்லதை எடுத்துரைப்பதும் அல்லாததைக் கடிந்து விலக்குவதும் செவிலிக்கு உரியவை. இதற்கு அடுத்து வரும் செய்தி இன்னும் பெரியது: இதே உரிமை அறிவர்க்கும் உண்டு. முக்காலமும் உணர்ந்த அறிவரோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டவள் செவிலி.

அறத்தொடு நிற்றல் என்ற துறையிலும் அவள் இடத்தைப் பாருங்கள். தலைவி தன் காதலைத் தோழியிடம் சொல்வாள். தோழி செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்குச் சொல்வாள். நற்றாய் வழியாகத் தந்தைக்கும் தமையன்மாருக்கும் செய்தி போகும். செவிலி வாய் திறக்காவிட்டால் உண்மை பெரியவர்கள் காதுக்கு எட்டாது. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் மணமான மகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்பவளும் அவளே. அவள் சொல்வது பொதுவான ‘நன்றாக இருக்கிறாள்’ அல்ல. மகள் சமைத்த விதம், கைவிரல், கட்டிய புடவை, கண், கணவன் உண்டது, அதைக் கண்டு மகளின் முகத்தில் லேசாகப் படர்ந்த மகிழ்ச்சி என்று ஒவ்வொன்றாகக் கண்டு வந்து சொல்கிறாள். நல்ல செவிலியர் கேஸ் ஷீட்டில் எழுதும் குறிப்புக்கும் இதுவே இலக்கணம்.

நர்ஸுக்குத் தமிழ் தேடியவர்கள் இந்தச் சொல்லை எடுத்தது மிக நல்ல தேர்வு. ‘செவிலியர்’ என்று பலர்பால் ஆக்கியதால் ஆணுக்கும் பொருந்திவிட்டது. பிரிட்டன் மேட்ரனை வைத்துக்கொண்டு பட்ட சங்கடம் நமக்கு இல்லை. ஆனால் செவிலியின் பராமரிப்பை எடுத்துக்கொண்டு, எடுத்துரைப்பதையும் கடிந்து விலக்குவதையும் விட்டுவிட்டோம். மருந்து அளவு தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று இரவு இரண்டு மணிக்குச் சொல்லும் சிஸ்டருக்கு இன்றும் கிடைப்பது பெரும்பாலும் முகச்சுளிப்புதான்.

உலக அளவில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் குக் தீவுகளைச் சேர்ந்த எலிசபெத் ஐரோவைத் தலைமைச் செவிலிய அதிகாரியாக அமர்த்தியது. அவர் தம் நாட்டின் சுகாதாரத் துறைச் செயலராக இருந்தவர். அடுத்து வந்த அமேலியா துய்புலோத்து, டோங்காவின் சுகாதார அமைச்சராக இருந்த செவிலியர். அதே நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி அப்போது உலகில் 2.79 கோடி செவிலியர் இருந்தார்கள். 10இல் 9 பேர் பெண்கள். தலைமைப் பதவிகளில் அந்த விகிதம் இல்லை.

இந்தியாவில் 2016இல் மத்திய அரசு மருத்துவமனைகளின் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ பதவி ‘நர்சிங் ஆபீசர்’ என்று பெயர் மாற்றப்பட்டது. புதுச்சேரி ஜிப்மரில் இன்று அதுதான் வழக்கு. 1947ஆம் ஆண்டின் செவிலியப் பேரவைச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசியச் செவிலிய, மகப்பேறு உதவி ஆணையத்துக்கான சட்டம் வந்திருக்கிறது. பெயரும் சட்டமும் மாறுவது தேவைதான். ஆனால் அதிகாரி என்று பெயர் வைத்துவிட்டு முடிவெடுக்கும் கூட்டத்துக்கு அழைக்காமல் இருந்தால் என்ன பயன்? தமிழ்நாட்டில் 2015இல் தேர்வு எழுதி வந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையின் டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் திரண்டதை மறந்திருக்க மாட்டோம். நிரந்தரப் பணியே இல்லாதவருக்குப் பதவி உயர்வு ஏது, தலைமை ஏது?

செவிலியப் பணியின் நிலையை ஆராய 1980களின் இறுதியில் மத்திய அரசு அமைத்த உயர்மட்டக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் தமிழகத்தின் சரோஜினி வரதப்பன். மேல்மட்ட நிர்வாகத்தில் செவிலியருக்கென உயர் பதவிகள் வேண்டும் என்பது அன்றே பேசப்பட்டது. செவிலியத்துக்குத் தனி இயக்குநரகம் வேண்டும் என்று தமிழ்நாட்டுச் செவிலியர் சங்கங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. அரசு அதை உடனே அமைக்க வேண்டும். அதன் தலைமையில் செவிலியர் ஒருவரே இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் ஆள் எண்ணிக்கை, மருந்து, கருவி வாங்குவது பற்றி முடிவெடுக்கும் குழுவில் தம் மேட்ரனுக்கு நாற்காலியும் வாக்கும் தர வேண்டும். கிரிமியாவில் நடந்தது போல எந்த வார்டு வரை, எந்தச் செலவு வரை அவர் அதிகாரம் செல்லும் என்ற வழக்கு எழாதபடி, பணியாணையிலேயே அதை எழுதிக் கொடுக்க வேண்டும்.